மறு: ஸ்லைடு கிட்டாரில் 'மியூட்' செய்வதற்கு ஒரு சொல்: அணைவிரல்?

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்லைடு கிட்டாரில் 'மியூட்' செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, 'ஒலியடக்கல்' என்றே வைத்துக்கொள்ளலாம், கைப்பேசியில் பழகிய சொல்தானே என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. கைப்பேசியில் ஒலியை அடக்கினால் எல்லாமே அடங்கிவிடும். ஸ்லைடு வாசிப்பவர், அதாவது விரலில் மாட்டிய குழலையோ கையில் பிடித்த கோலையோ கம்பியின்மேல் நகர்த்தி வாசிப்பவர், செய்வது வேறு. ஒரு ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு ஒலியை மட்டும் இல்லாமல் செய்கிறார்.

அந்த இன்னொரு ஒலி எங்கிருந்து வருகிறது? சாதாரண வாசிப்பில் விரல் கம்பியை அழுத்தி மெட்டின்மேல் உட்கார வைக்கிறது. (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட்டுக்கு வீணைக்காரர்கள் சொல்லும் 'மெட்டு' இருக்கும்போது வேறு சொல் தேட வேண்டாம் என்பது என் கருத்து.) விரலுக்குப் பின்னால் இருக்கும் கம்பி அதோடு ஓய்ந்துவிடும். ஸ்லைடு அப்படி அழுத்துவதில்லை. மெட்டுக்கு நேர் மேலே, கம்பியைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கிறது. அதனால் கம்பி, குதிரைப் (பிரிட்ஜ்) பக்கம் முன்துண்டு, தலைப்பக்கம் பின்துண்டு என்று இரண்டாகி, இரண்டுமே அதிர்கின்றன.

12ஆம் மெட்டில் இரண்டு துண்டும் ஒரே நீளம், ஒரே சுருதி. குறை தெரியாது. 7ஆம் மெட்டில் பின்துண்டு மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு; முன்துண்டைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அதையும் காது பொறுத்துக்கொள்ளும். 4ஆம் மெட்டுக்கு வந்தால் பின்துண்டு இரண்டு ஸ்தாயிக்குச் சற்றுக் கீழே போய் நிற்கிறது, அபசுரமாக. இதைவிட மோசம், நகரும்போது நடப்பது. ஸ்லைடைக் குதிரைப் பக்கம் இழுத்தால் முன்துண்டின் சுருதி ஏறும், பின்துண்டு நீண்டுகொண்டே போவதால் அதன் சுருதி இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில் கேட்கும். புதிதாக ஸ்லைடு பிடிப்பவர்களின் வாசிப்பு மசமசவென்று இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆம்ப்ளிஃபையரில் போட்டால் இன்னும் நன்றாகவே தெரியும்.

தீர்வு எளிது. ஸ்லைடுக்குப் பின்னால், தலைப்பக்கத்தில், சும்மா இருக்கும் விரலைக் கம்பிகளின் மேல் படுக்கப் போட வேண்டும். அவ்வளவுதான். அந்த விரலுக்கும் அந்தச் செயலுக்கும்தான் இப்போது பெயர் தேடுகிறோம்.

என்னிடம் கற்றுக்கொள்ளும் பையனிடம் முதலில் 'பின்னால அடக்கு' என்றுதான் சொன்னேன். அவன் சுட்டுவிரலால் ஓங்கி அழுத்தினான். கம்பி தாழ்ந்தது, ஸ்லைடு மெட்டில் இடித்து 'டக்' என்றது. மறுபடியும் அடக்கு என்றேன், இன்னும் அழுத்தினான். அவன்மேல் தப்பில்லை, அடக்குவது என்றாலே பலத்தைக் காட்டுவதுதானே. அடுத்த வாரம் 'விரலால அணைச்சுக்கோ' என்றேன். விரல் தானாகவே மெத்தென்று படுத்தது. பின்துண்டின் கீச்சு நின்றுபோய், ஒற்றைச் சுரம் மட்டும் நீளமாகக் கேட்டது. அவனே நிமிர்ந்து பார்த்தான்.

அன்று முதல் எனக்கு 'அணைத்தல்' என்ற சொல்லின்மேல் பிடிப்பு. விளக்கை அணைக்கிறோம், குழந்தையை அணைக்கிறோம். இங்கே விரல் இரண்டையும் செய்கிறது: தழுவுகிறது, தழுவியே அதிர்வை நிறுத்துகிறது. சுட்டும் விரல் சுட்டுவிரல், அணைக்கும் விரல் அணைவிரல். வினைத்தொகை, வாயில் தடங்கலில்லாமல் வருகிறது. 'அணை என்றால் மேட்டூர் அணைதான் நினைவுக்கு வரும்' என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். அதுவும் ஓடுவதை நிறுத்துவதுதான், பகையில்லை.

எந்த விரல் என்று சொல்லாமல் வேலையைச் சொல்வது இதில் இன்னொரு வசதி. ஏனென்றால் விரல் மாறும். அமெரிக்க ஸ்லைடு கலைஞர் டுவேன் ஆல்மன் மாத்திரைக் குப்பி ஒன்றை மோதிர விரலில் மாட்டி வாசித்தவர். அப்படி மாட்டினால் பின்னால் சுட்டுவிரலும் நடுவிரலும் இருக்கும். இன்னொரு அமெரிக்கக் கலைஞர் பானி ரைட் நடுவிரலில் மாட்டுவார், சுட்டுவிரல் ஒன்றுதான் மிச்சம். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகைக் கிட்டாரில் கை மேலிருந்து வருகிறது. இரும்புக் கோலைக் கட்டைவிரலும் முதல் இரண்டு விரல்களும் பிடித்துக்கொள்ள, மோதிர விரலும் சுண்டுவிரலும் பின்னால் கம்பியை வருடிக்கொண்டே போகும். எல்லாமே அணைவிரல்தான்.

'தணித்தல்', இயற்பியல் பாடநூலின் 'தடையுறு அலைவு' இரண்டும் பரிந்துரையில் இருந்தன. அவை அதிர்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைச் சொல்பவை. அவை அங்கேயே இருக்கட்டும். சிலப்பதிகாரக் கானல்வரியின் வார்தல், உந்தல் முதலானவற்றை எடுத்தாளலாம் என்று தோழி ஒருவர் எழுதியது எனக்கும் ஆசையைத் தூண்டியது. ஆனால் அவை யாழ் நரம்பின்மேல் விரல் செய்யும் குறிப்பிட்ட தொழில்களின் பெயர்கள். வார்தல் சுட்டுவிரலின் தொழில் என்று உரையே சொல்கிறது. அவற்றை வேறு பொருளுக்கு இழுத்தால், கானல்வரி படிக்க வரும் பிள்ளைக்குக் குழப்பம்.

வலக்கையின் வேலைக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். அங்கே கட்டைவிரலும் மற்ற விரல்களும் வாசிக்காத கம்பிகளின் மேல் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். மீட்ட வேண்டிய கம்பியை மட்டும் விடுவிக்கும். ஸ்லைடு ஆறு கம்பிகளின் மேலும் கிடப்பதால், இது இல்லாவிட்டால் பக்கத்துக் கம்பியும் கூடவே முனகும். அதற்கு 'மறித்தல்' போதும். சாலை மறியலில் இருக்கும் அதே சொல், கிளம்பும் முன்பே நிறுத்துவது. உள்ளங்கையைக் கம்பியின்மேல் வைத்து அடக்கி வாசிப்பதற்கு 'உள்ளங்கைப் பொத்தல்' என்ற பரிந்துரையில் வினை சரி, வாயைப் பொத்துவதுபோல. ஆனால் பெயராக்கினால் ஓட்டை என்று பொருள்பட்டுவிடுகிறது. 'பொத்தி மீட்டல்' என்றால் சிக்கல் இல்லை.

ஸ்லைடு என்ற பொருளுக்கு: வழுக்கி, நழுவி இரண்டும் வேண்டாம். வழுக்குவது தவறி நடப்பது, நழுவுவது தப்பிப்பது. பாட்டு 'இழைகிறது' என்று சொல்கிறோமே, அதிலிருந்து கையில் பிடிப்பதற்கு இழைகோல், விரலில் மாட்டுவதற்கு இழைகுழல். கோலை நகர்த்தி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தின் பெயரில் உள்ள 'கோடு'கூடக் கோல் என்ற பொருளில் வந்ததுதான் என்பதால், இழைகோலுக்குச் சொந்தத்தில் ஒரு மூத்த உறவும் உண்டு.

நம் சொல் தொகுப்பில் சேர்க்க இப்படி எழுதி வைத்திருக்கிறேன், திருத்துங்கள்:

அணைவிரல்: இழைகுழலுக்கோ இழைகோலுக்கோ பின்னால், தலைப்பக்கத்தில், கம்பிகளை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு கூடவே நகரும் விரல் அல்லது விரல்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. தடித்த சுற்றுக்கம்பிகளின்மேல் ஸ்லைடு நகரும்போது வரும் 'சர்ர்' என்ற உரசல், அணைத்தாலும் போகாது. வெறும் 'உராய்வொலி' எனக்கு நிறைவாக இல்லை. நெசவிலோ தச்சிலோ புழங்குபவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பக்கத்தில் அதற்கு என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.