தி எக்ஸ்பான்ஸ் முடித்தவர்களே, அடுத்து எதைத் தொடுவது?

நண்பர்களே, ஒரு உதவி. தி எக்ஸ்பான்ஸ் என்ற விண்வெளி அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் 6 சீசனையும் பார்த்து முடித்துவிட்டேன். மூன்றாவது சீசனோடு கைவிடப்பட்டு, பிறகு அமேசான் எடுத்து நடத்திய தொடர் அது. 2022இல் முடிந்தபோது கதை முடிந்த மாதிரியே இல்லை. காரணம், மூல நாவல்கள் 9. தொடர் ஆறாவது நாவலோடு நின்றுவிட்டது. மீதி மூன்றும் சுமார் 30 வருடம் கழித்து நடக்கின்றனவாம்.

என் சந்தேகம் இதுதான்: நேராக ஏழாவது நாவலுக்குப் போகலாமா, முதலிலிருந்தே படிக்க வேண்டுமா? தொடரில் சில பாத்திரங்களை மாற்றியிருக்கிறார்கள் என்பதால்தான் தயக்கம். (நாவல்களின் ஆசிரியர் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்பது ஒரே ஆள் இல்லை, டேனியல் ஆபிரகாமும் டை ஃபிராங்கும் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர் என்று தெரிந்தபோது அசந்துபோனேன். எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடிகிறதா?)

எனக்குப் பிடித்தது அதன் இயற்பியல். கப்பல் வேகம் கூட்டும்போதுதான் உள்ளே எடை உணர முடியும். பாதி வழியில் கப்பலைத் திருப்பி வேகத்தைக் குறைக்க வேண்டும். விண்கப்பலுக்குள் தரையில் நடப்பது போல சும்மா நடந்துபோகிற தொடர்களை அதற்கப்புறம் பார்க்கவே பிடிக்கவில்லை.

அறிவியல் புனைகதை எழுத்தாளர்களில் அசிமோவ் படித்திருக்கிறேன், யோசனைகள் பிரமாதம், மனிதர்கள்தான் கொஞ்சம் அட்டை மாதிரி. அர்சுலா லெ குவின் நேர்மாறு, என் முதலிடம் அவருக்கே.

இந்த இரண்டும் சேர்ந்த மாதிரி, அறிவியலும் பிசகாமல் ஆட்களும் உயிரோடு இருக்கிற எழுத்தாளரோ தொடரோ இருந்தால் சொல்லுங்கள். முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள், சரியா?