சென்னையில் பத்து நாள்: கற்றுக்கொள்ளவும் நடந்து பார்க்கவும் எதைத் தேர்வது?

பினாங்கு வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கிலிருந்து நாங்கள் நால்வர், வரும் டிசம்பர் 28 முதல் ஜனவரி 7 வரை சென்னையில் தங்க இருக்கிறோம். மயிலாப்பூரில், மாட வீதிகளுக்கு நடந்தே போகும் தொலைவில் ஒரு வீடு பேசியாகிவிட்டது. முன்பு வந்தபோதெல்லாம் கோயில், தியாகராய நகர்ப் புடவைக் கடை, உறவினர் வீட்டு விருந்து என்றே நாள்கள் கழிந்துவிட்டன. இம்முறை கையால் எதையாவது செய்து பார்க்கும் வகுப்புகளும், விவரம் அறிந்தவர்களோடு சேர்ந்து செல்லும் நடைகளும் இருந்தால் நன்று என்று நினைக்கிறேன்.

மாமியாருக்கு 70 வயது. நன்றாக நடப்பார்; ஆனால் வெயிலும் படிக்கட்டும் அவருக்கு ஆகாது. 15 வயது மகள் ஐந்தாண்டுகளாகப் பரதநாட்டியம் கற்கிறாள். 11 வயது மகனுக்குப் பாம்பு, முதலை, ஆமை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பினாங்கில் பந்தாய் கெராச்சுட் ஆமைக் காப்பகத்தை விட்டு அவனைக் கிளப்பிக்கொண்டு வருவதே பெரும்பாடு. சென்னையிலும் இரவில் ஆமை பார்க்க அழைத்துச் செல்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, அன்றிலிருந்து அதையே பேசிக்கொண்டிருக்கிறான்.

ஒரு பயண முகவர் அனுப்பிய நிரலில், கோட்டை முதல் மாமல்லபுரம் வரை அனைத்தும் இரண்டே நாளில் அடங்கியிருக்கின்றன. கூடவே "ஒரு மணி நேரப் பரதநாட்டிய வகுப்பு" ஒன்றும் இருக்கிறது. இவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று ஊர்க்காரர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மயிலைவாசி:

வணக்கம் அம்மா. நீங்கள் வருவது மார்கழியில். ஆகவே வேறு எதைத் திட்டமிடுவதற்கு முன்பும், முதல் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து மாட வீதிக்கு வந்துவிடுங்கள். பஜனைக் குழுவினர் பாடிக்கொண்டே கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாட வீதிகளையும் சுற்றி வருவார்கள். இந்த வழக்கத்திற்கு உயிர் கொடுத்தவர் பாபநாசம் சிவன். கட்டணம், பதிவு எதுவும் கிடையாது; கடைசியில் சேர்ந்துகொண்டு நடக்க வேண்டியதுதான். மெட்ரோ பணிக்காக லஸ், கச்சேரி சாலைப் பக்கம் தோண்டிப் போட்டிருப்பதால் பகலில் அந்தப் பகுதி திணறும். விடியற்காலை நேரத்தில்தான் மயிலாப்பூர் மயிலாப்பூராக இருக்கிறது.

அதே நேரத்தில் வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். கோலம் கற்பிக்கும் வகுப்புகளுக்கு இப்போது பணம் வாங்குகிறார்கள், தவறில்லை. ஆனால் நீங்கள் தங்கும் வீட்டுக்காரரிடமோ பக்கத்து வீட்டு அம்மாவிடமோ கேட்டாலே போதும், மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள். புள்ளி வைப்பது எளிது, பிள்ளைகளே வைத்துவிடுவார்கள். இழுப்பதில்தான் வித்தை இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைப் பிடித்து, கை நிற்காமல் நகர்ந்தால்தான் கோடு சீராக விழும். அடுத்து எங்கே திரும்புவது என்று ஒரு கணம் தயங்கினால் அங்கேயே மாவு குவிந்துவிடும். ஆகவே புள்ளிகளைச் சுற்றிக் கோடு பின்னும் சிக்குக் கோலத்தை முதலில் தாளில் வரைந்து பழகிக்கொள்ளச் சொல்வார்கள். உங்கள் மாமியாருக்கு இது தெரிந்திருந்தால் வெளி ஆளே தேவையில்லை.

கச்சேரிகளைப் பொறுத்தவரை, 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாதெமியின் இசை விழா டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை நடக்கும். ஆகவே அதன் கடைசி நாள்கள் உங்களுக்குக் கிடைக்கும். மாலையில் பெரிய வித்துவான்கள் பாடும் கச்சேரிகளுக்கு நுழைவுச் சீட்டு முன்பே வாங்க வேண்டும். பல சபாக்களில் காலை, பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. இளைய கலைஞர்களின் பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். மகன் நெளிந்தால் தனி ஆவர்த்தனம் வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசத் தொடங்கியதும் நிமிர்ந்துவிடுவான். சபா கேண்டீனில் சாப்பிடக் கச்சேரிக்குச் சீட்டு எடுத்திருக்க வேண்டியதில்லை. நண்பகலில் இலைச் சாப்பாட்டுக்கு வரிசை நீளும் என்பதால் பதினொன்றரைக்கே போய்விடுவது நல்லது.

அந்த ஒரு மணி நேரப் பரதநாட்டிய வகுப்பை விட்டுவிடலாம். முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்காரவும், காலைத் தட்டிப் பழகும் தொடக்கப் பாடமான தட்டடவின் முதல் இரண்டு வரிசையைத் தட்டவும் கற்பிப்பார்கள். புதியவருக்கு அது ஒரு வேடிக்கை, படம் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாண்டு கற்ற பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது? அவளுக்கு இரண்டு காரியம் செய்யலாம். ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கும் மியூசிக் அகாதெமி நாட்டிய விழாவில் ஒரு நாள் முழுவதும் உட்காரட்டும். மற்றது, 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா. திருவான்மியூரில் உள்ள அந்த வளாகத்தைப் பாடம் நடக்கும் வேலை நாள் காலைகளில் சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம். ஆண்டு இறுதியில் விழாவும் விடுமுறையும் குறுக்கிடும் என்பதால் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே கைத்தறி நெசவும் கலம்காரியும் நடக்கும் கைவினைப் பிரிவு ஒன்று உண்டு. பாட்டிக்கும் பேத்திக்கும் பொதுவாக அமையும் இடம் அது.

பாரிமுனை நடையர்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் ஊரில் ஒரு ஜார்ஜ் டவுன் இருப்பதால் எங்கள் ஜார்ஜ் டவுனை நீங்கள் விட்டுவிடக் கூடாது. முகவரின் நிரலில் "கோட்டை, உயர் நீதிமன்றம்" என்று வண்டியிலிருந்தே காட்டிவிட்டுப் போகும் பகுதி இது. நடந்தால்தான் புரியும். புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி முதலில் இருந்த, இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரம், பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்களை ஒட்டி இடித்துத் தள்ளப்பட்டது. பீரங்கிக்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டும் என்று ஆங்கிலேயர் எல்லைக் கற்களும் நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்றும் பாரி முனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தின் அருகே நிற்கிறது. அந்த வெட்டவெளியில்தான் 1892-இல் உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. விரட்டப்பட்டவர்கள் வடக்கே போய்க் குடியேறிய தெருக்களே இன்றைய ஜார்ஜ் டவுன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். கடைகள் மூடியிருப்பதால் அன்று கட்டடங்களின் முகம் தெரியும். மற்ற நாள்களில் மூட்டைகளும் மீன்பாடி வண்டிகளும்தான் தெரியும். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. 1677-இல் சிவாஜி இங்கு வந்து வழிபட்டார் என்பது நெடுநாளாக வழங்கும் செய்தி. அங்கிருந்து ஆர்மீனியன் தெருவில் உள்ள 1772-ஆம் ஆண்டுத் தேவாலயத்திற்குச் செல்லலாம். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை இந்த வளாகத்திலேயே இருக்கிறது. இன்று ஊரில் ஆர்மீனியர் சமூகம் என்று ஒன்று இல்லாவிட்டாலும், மணிக்கூண்டின் ஆறு மணிகளும் ஞாயிறு ஒன்பதரைக்கு ஒலிப்பது வழக்கம். நடையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு பவழக்காரத் தெரு. பினாங்கில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் குடும்பங்களுக்கும் இந்தத் தெருவில் உள்ள விடுதிகளுக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு என்பதால், உங்கள் மாமியாருக்கு அங்கே கேட்க நிறைய இருக்கலாம்.

இலவச நடைகள் பெரும்பாலும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய சென்னை வாரத்தில்தான் நடக்கின்றன. டிசம்பரில் கட்டணம் செலுத்தித்தான் வழிகாட்டி கிடைப்பார். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: குழுவில் எத்தனை பேர்? பதினைந்துக்கு மேல் என்றால் அந்தத் தெருக்களில் கடைசியில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது.

இன்னொரு மாலை கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே, இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ சாப்பிடுங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு இது: நூடுல்ஸில் முட்டைக்கோசு, வெங்காயம், பேஜோ எனும் மொறுமொறுப்பாகப் பொரித்த தட்டை ஆகியவற்றைப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப்பு வரும். திருமயிலை நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் நேரே அங்கேயே கொண்டுவந்து விடும்.

முட்டுக்காட்டுக்காரர்:

பையனைப் பற்றி யாரும் பேசவில்லையே! கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை 1976-இல் தொடங்கியது, திங்கட்கிழமை விடுமுறை. முதலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நச்சு எடுத்துக் காட்டும் இடம். வாயைத் துணியால் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளை மட்டுமே வைத்திருக்கிறார்கள். ஒருவர் பானையிலிருந்து பாம்பை வெளியே எடுத்துக் கொக்கியால் தலையை அழுத்தி, கழுத்தைப் பிடித்து, கண்ணாடிக் குவளையின் விளிம்பில் பல் படும்படி வைப்பார். மஞ்சள் நிறத்தில் சில சொட்டு இறங்கும், அவ்வளவுதான். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி இவர்களிடமிருந்துதான் போகிறது. சில வாரங்கள் வைத்திருந்து, நச்சு எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். 2023-இல் இருளர் சமூகத்தின் பாம்பு பிடிப்பாளர் இருவர் பத்மஸ்ரீ பெற்றதையும் பையனிடம் சொல்லுங்கள்.

வழியிலேயே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, செவ்வாய் விடுமுறை. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். பலர் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவதால் பயனில்லை. குயவர் சக்கரத்தில் உட்கார்ந்து, மண் கையை விட்டு நழுவி இரண்டு முறையாவது சரிந்த பிறகு ஒரு அகல் எழுந்தால்தான் போனதற்கு அர்த்தம். இந்த இரண்டையும் முடித்து, மாலையில் மாமல்லபுரம் போய்விட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது.

எழும்பூர் ஆசிரியர்:

முந்தைய பதிவின் கடைசி வாக்கியத்தோடு உடன்பட முடியவில்லை. ஒரே நாளில் மூன்றையும் முடிப்பது அந்த முகவரின் நிரலையே மறுபடி எழுதுவதாகும். அதுவும் அரையாண்டு விடுமுறையில் கிழக்குக் கடற்கரைச் சாலை எப்படி இருக்கும் என்பது அங்கேயே குடியிருப்பவருக்குத் தெரியாதா? மேல்மருவத்தூர் செல்லும் செவ்வாடை பக்தர்களின் பேருந்துகளும் மாமல்லபுரத்தை நிறைத்துவிடும். பள்ளிகள் திறந்தபின், ஜனவரி 3-க்குப் பிறகு ஒரு வேலை நாளில் மாமல்லபுரத்திற்கென்றே செல்லுங்கள். 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இயங்கும் ஊர் அது. பட்டறைகளில் முன்கூட்டிப் பேசிக்கொண்டால் அரை நாள் சொல்லித் தருவார்கள். தொடங்குபவருக்குக் கருங்கல்லைக் கொடுக்கமாட்டார்கள், மென்மையான மாவுக்கல்தான். உளியைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தட்ட வேண்டும். நிமிர்த்திப் பிடித்து அடித்தால் வேண்டிய பகுதியும் சேர்ந்து பெயர்ந்துவிடும்.

மகளை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்திற்கு ஓவிய ஏட்டோடு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் ஆளுக்கு அரை மணி நேரம் பார்த்து வரையட்டும். ஒரே உடலில் இரண்டு விதமாக இடுப்பு வளைவதை நாட்டியம் பயின்ற கண் உடனே பிடித்துக்கொள்ளும். மற்றக் கூடங்களை விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

பினாங்கு வாசகி:

அனைவருக்கும் நன்றி. காலையில் ஒன்று, மாலையில் வேண்டுமானால் இன்னொன்று, நடுவில் ஓய்வு என்று முடிவு செய்துவிட்டேன். முகவரின் நிரலையும் மறுத்துவிட்டேன். ஆமை நடை பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை.

முட்டுக்காட்டுக்காரர்:

ஆசிரியர் சொல்வதை ஏற்கிறேன். மாமல்லபுரத்தைத் தனி நாளாக்குங்கள். ஆமை நடையை 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். பருவம் ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துச் செல்வார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் நீலாங்கரையில் புறப்பட்டு, விடியற்காலையில் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலிலேயே நடை. டார்ச், ஃபிளாஷ் கூடாது. மணலில் டிராக்டர் சக்கரத்தின் தடம்போல ஒன்று கடலிலிருந்து ஏறி மறுபடி இறங்கியிருந்தால், அங்கே கம்பியால் மெல்லக் குத்திப் பார்த்துக் கூட்டைக் கண்டுபிடிப்பார்கள். நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருப்பதுண்டு. அவற்றை எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் புதைப்பார்கள்.

ஆனால் ஜனவரி முதல் வாரம் பருவத்தின் தொடக்கமே. உயிருள்ள ஆமையைக் காண்பது அரிது. சில ஆண்டுகளில், குறிப்பாக 2025 ஜனவரியில், இறந்த ஆமைகளே கரையில் நிறைய ஒதுங்கின. அதையும் காண நேரலாம் என்று பையனிடம் முன்பே சொல்லி வையுங்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை வேளை பிப்ரவரிக்கு மேல்தான் வரும். மாமியாருக்கு இந்த நடை வேண்டாம். அவருக்கு மெரினா கலங்கரை விளக்கம் ஏற்றது. மின்தூக்கி இருக்கிறது, திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். டிசம்பர் 31 மாலைக்கு மேல் கடற்கரைச் சாலைகளை அடைத்துவிடுவார்கள் என்பதால் அன்று யாரும் அந்தப் பக்கம் திட்டமிட வேண்டாம்.