சுபேதார் அண்ணனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

மேலத்தெரு சுபேதார் அண்ணன் சென்ற வாரம் பெங்களூரில் கருணாஸ்ரயா ஹாஸ்பிஸில், அதாவது கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தில், சேர்ந்துவிட்டார். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அவர்தான். மகனும் அல்ல, மருமகளும் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில நாட்களாக இந்தக் குழுவில் வரும் கடிதங்களைப் படித்து எனக்கு இரத்தம் கொதிக்கிறது. "பெற்ற தகப்பனைக் கொண்டுபோய் எங்கோ தள்ளிவிட்டான்" என்று துபாயிலிருந்து ஒரு தம்பி எழுதுகிறார். "ஊருக்குக் கொண்டுவந்திருந்தால் நாம் பார்த்துக்கொள்ள மாட்டோமா" என்று நியூஜெர்சியிலிருந்து இன்னொருவர் கேட்கிறார். நியூஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதை அவர் எழுதவில்லை.

நான் மெல்போர்னிலிருந்து வந்து இப்போது பெங்களூரில்தான் இருக்கிறேன். அண்ணனைப் பார்த்தேன், பேசினேன். ஆகவே கேள்விப்பட்டதை அல்ல, கண்டதை எழுதுகிறேன்.

ஹாஸ்பிஸ் என்றால் அனாதை விடுதி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. நம் நாட்டில் இது ஒன்றும் நேற்று வந்த ஏற்பாடு அல்ல. மும்பையில் 1986-லேயே முதல் ஹாஸ்பிஸ் தொடங்கப்பட்டது. கருணாஸ்ரயாவின் கட்டடம் 1999-இல் திறக்கப்பட்டது. குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டிவிட்ட புற்றுநோயாளிகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள், பணம் வாங்குவதில்லை. நோயைத் துரத்துவதை நிறுத்திவிட்டு வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண் ஆகியவற்றைக் கவனிப்பதுதான் அங்கு வேலை. கருங்கல் சுவர்கள், நடுவே நீர்ப்பரப்பு, மரங்கள். ஆஸ்பத்திரி வாடையே இல்லை.

வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவருக்கு மார்ஃபின் கொடுக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வந்தாலும் வராவிட்டாலும், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். வலி ஏறிய பிறகு அடக்குவதைவிட ஏறவிடாமல் வைத்திருப்பது எளிது என்பதுதான் கணக்கு. "போதை மருந்தாயிற்றே, பழகிவிடாதா?" என்று ஊரிலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் போனில் கேட்டார். இன்னும் சில வாரங்களே இருக்கப்போகிற மனிதருக்கு எது பழகினால் என்ன? முறையாக அளந்து கொடுத்தால் அந்தப் பயத்துக்குப் பெரிதாக இடமில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். மலச்சிக்கல்தான் நிஜமான தொந்தரவு; அதற்கும் கூடவே மருந்து தருகிறார்கள். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆண்டுகள் ஆஸ்பத்திரிகளே மார்ஃபினை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-இல் செய்த திருத்தம்தான் வழியைக் கொஞ்சம் எளிதாக்கியது. நம் தெருக்களில் இராத்திரியெல்லாம் கத்திக் கத்தியே செத்தவர்களை எண்ணிப் பாருங்கள். அண்ணன் கத்தவில்லை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து என் மீசையைக் கிண்டல் செய்தார்.

அவரும் நானும் மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலம் கட்டி, கண்ணிவெடி அகற்றும் இராணுவப் பொறியாளர் படை. 1780 முதல் இருக்கிற படை, இதே பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் அதன் பயிற்சி சென்டர். அவர் 1969-இல் காட்பாடியில் ரயிலேறிப் போனவர். நான் 1975-இல் போனேன். சென்டரில் அதிகாரிகளுக்கு நாங்கள் எல்லாரும் 'தம்பி'தான். சுபேதாராகி மீசை நரைத்த பிறகும் அவரைத் தம்பி என்றே கூப்பிட்ட கர்னல்கள் உண்டு. எனக்கு மட்டும் அவர் எப்போதும் அண்ணன்.

அவர் 1971 பாகிஸ்தான் போரில் என்ன செய்தார் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. என்னிடமே ஒருமுறைதான் சொன்னார், அதுவும் குளிரில் இரண்டு பெக் ரம்முக்குப் பிறகு. டிசம்பர் 15 இரவு, மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றருகே, எங்கள் சாப்பர்ஸின் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் கண்ணிவெடி வயலில் டாங்கிகளுக்குப் பாதை திறந்துகொண்டிருந்தது. பாதி வேலை முடியும் முன்பே எதிரி டாங்கிகள் நெருங்குவதாகச் செய்தி வந்துவிட்டது. நம் டாங்கிப் படையான பூனா ஹார்ஸ் காத்திருக்கவில்லை. மிச்சமிருந்த வெடிகளைப் பொருட்படுத்தாமல் டாங்கிகளை ஓட்டிக் கடந்தார்கள். மறுநாள் சண்டையில் உயிர்நீத்து பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்ரபால் அந்தப் படையைச் சேர்ந்தவர். அவர் பெயர் நாடறிந்தது, அறியவும் வேண்டும். அந்த வயலில் குப்புறப் படுத்து, கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்து, திறந்த பாதைக்கு வெள்ளை நாடா கட்டியவர்களில் இருபது வயதுப் பையனாக நம் சுபேதாரும் இருந்தார்.

நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தது பாலங்களில். பெய்லி பாலம் என்பது இரும்புப் பேனல்களைக் கோத்து விரைவாகக் கட்டுவது; அதன் பேனல் ஒன்று ஏறத்தாழ 260 கிலோ. கிரேன் கிடையாது, ஆறு பேர் தூக்க வேண்டும். ஒருவன் தோள் சரிந்தால் மற்ற ஐந்து பேரின் விரல்களும் நசுங்கும். அண்ணன் பேனலைப் பார்க்க மாட்டார், தூக்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவன் தளர்கிறான் என்று தெரிந்தால், "அங்கே போய் பேனல் கோக்கும் பின்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டு வா" என்று அவனை அனுப்பிவிட்டு வேறொருவனை நிறுத்துவார். மாற்றப்பட்டவனுக்குக்கூட அவமானம் தெரியாது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஹாஸ்பிஸ் முடிவுக்கு அவர் சொன்ன காரணமும் இதுதான். "உன் அண்ணி தூங்கியே வாரக்கணக்காகிறதடா. மகன் ஆபீசில் உட்கார்ந்தபடியே தூங்குகிறானாம். தூக்குகிறவன் 'என்னால் முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டான். நாம்தான் ஆளை மாற்ற வேண்டும்" என்றார். இப்போது மருந்தும் சுத்தமும் நர்சுகள் பொறுப்பு. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, மனைவியாக மட்டும் இருக்கிறார். பழைய சண்டைகளைக்கூடத் தொடர்கிறார்கள். மகனைத் திட்டி எழுதியவர்கள் இதையும் படித்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து அவருடைய நிலத்து மண்ணை எடுத்துவந்து தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாமா என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். மண்ணாசை தீராமல் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அண்ணனிடமே சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பட்டாளத்தில் மண்ணில் குப்புறக் கிடந்தே பாதி வயது போயிற்று. இன்னுமா எனக்கு மண்ணாசை? வேண்டுமானால் ஏரிக்கரைப் பனையிலிருந்து நான்கு நுங்கு கொண்டுவரச் சொல்" என்றார். நுங்கு கொண்டுபோனால் ஒரு சுளைதான் இறங்கும். அதற்குமேல் வற்புறுத்தாதீர்கள். இந்தக் கட்டத்தில் பசி போய்விடுவது இயல்பு. சாப்பிடாததால் அவர் மெலியவில்லை, நோயால் மெலிகிறார். ஹார்லிக்ஸ் பாட்டில்களும் வேண்டாம், ஜன்னலோரம் ஏற்கெனவே வரிசையாக நிற்கின்றன.

போகிறவர்கள் "சீக்கிரம் நன்றாகி ஊருக்கு வந்துவிடுவீர்கள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒருவர் அப்படிச் சொன்னதும் அண்ணன் மரியாதைக்குத் தலையை ஆட்டினார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. புதிய மூலிகை, கேரளத்து வைத்தியர், வாட்ஸ்அப்பில் வந்த மாத்திரை எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் உங்களுக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள். இந்தக் குழுவிலேயே எத்தனை பேரை விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடவிட்டார், ஆள்சேர்ப்பு முகாமின் 1,600 மீட்டர் ஓட்டத்துக்காக! பட்டாளத்தில் சேராமல் வளைகுடாவுக்குப் போனவர்கள் உட்பட எல்லாரும் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். அதை எழுதுங்கள். வர முடியாதவர்கள் அரைப்பக்கம் எழுதி அனுப்பினால் மருமகள் படித்துக் காட்டுகிறார். மாலை நான்கரைக்கு மேல் கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கிறார். போனில் பேசுவதானால் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். எண் வேண்டுவோர் எனக்குத் தனியே எழுதுங்கள், இங்கே பொதுவில் போட மாட்டேன். பணம் திரட்ட வேண்டாம். படுக்கையில் இருப்பவரைப் படம் எடுத்துப் போடவும் வேண்டாம்.

இன்னொன்று. சங்க நிர்வாகி ஒருவர் 'ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும், சீருடையில் நல்ல படம் இருந்தால் அனுப்புங்கள்' என்று எனக்கு எழுதியிருந்தார். மனிதர் உயிரோடு இருக்கிறார், ஐயா. கண்ணீர் அஞ்சலிக்கு எழுதி வைத்திருக்கும் அந்த நான்கு வரியை இப்போதே அவர் காதில் விழும்படி படியுங்கள்.

விடைபெறும்போது நான் சல்யூட் அடித்தேன். "தொப்பி இல்லாமல் என்னடா சல்யூட்" என்று அதட்டினார். பிறகு கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு ஃபைலை எடுக்கச் சொன்னார். ஓய்வுபெற்று வந்ததிலிருந்து நம் சுற்று வட்டாரத்துப் பட்டாளத்து விதவைகளுக்கு மனு எழுதுவதே அவருக்கு வேலையாக இருந்தது உங்களுக்குத் தெரியும். சர்வீஸ் ரெக்கார்டில் மனைவி பெயர் ஒன்று, ஆதாரில் வேறொன்று. குடும்ப பென்ஷன் அங்கேயே நின்றுவிடும். அப்படி முடியாத கேஸ் ஒன்று பாக்கி, கீழத்தெரு அம்மாவுடையது. அவர் கணவரும் சாப்பர் என்பதால் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் இங்கே பெங்களூரில்தான் இருக்கிறது. நான் ஊர் திரும்பும் முன் நேரில் கொடுத்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். இரண்டு பெயரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரத்தில் அந்த அம்மாவின் கையெழுத்து வேண்டும். வேலூரில் நோட்டரியிடம் அழைத்துப்போக ஒரு ஆள் வேண்டும். இந்த வாரம் ஊரில் இருப்பவர் யார்? இன்றைக்கே பதில் எழுதுங்கள்.