மூக்கு தண்டு ஆபரேஷன் முடிஞ்சு 4 மாசம், இப்ப அடுத்த பக்கம் அடைக்குது

வணக்கம், வயசு 34, மதுரை. மூக்கு தண்டு இடது பக்கம் வளைஞ்சிருந்துச்சு, சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்ததா இருக்கலாம். செப்டோபிளாஸ்டி (தண்ட நேராக்குற ஆபரேஷன்) பண்ணி 4 மாசம் ஆச்சு, தண்டு நேரா நிக்க உள்ள வச்ச ஸ்பிளின்ட்ட (தாங்கு தகடு) ஒரு வாரத்துல எடுத்துட்டாங்க, இடது பக்கம் இப்ப காத்து சூப்பரா போகுது ஆனா வலது பக்கம் அடைக்க ஆரம்பிச்சிடுச்சு, ராத்திரி படுத்தா சுத்தமா லாக், வாயால மூச்சு விட்டு காலைல தொண்டை வறண்டு எந்திரிக்கிறேன், குறட்டைனு வீட்ல திட்டு வேற.

உப்புத்தண்ணி வாஷ் டெய்லி 2 தடவை, ஃப்ளூடிகசோன் ஸ்ப்ரே 6 வாரம், ராத்திரி செட்ரிசின், ஆவி எல்லாம் பாத்தாச்சு. ஆக்ஸிமெடாசோலின் சொட்டு விட்டா கொஞ்ச நேரத்துல திறந்துக்குது, ஆனா அத தொடர்ந்து விட்டா அடைப்பு இன்னும் மோசமாகும்ங்கறதால 3 நாளோட நிறுத்திட்டேன். ரத்தம், நாத்தம், காய்ச்சல் எதுவும் இல்ல.

எண்டோஸ்கோபில தண்டு நேரா இருக்கு, வலது பக்கம் டர்பினேட் (மூக்குக்குள்ள பக்கவாட்டு சுவர்ல இருக்குற சதை மடிப்பு) தான் பெருசா இருக்காம். ஒரு டாக்டர் இப்பவே அத சுருக்கிடலாம்ங்கறார், இன்னொருத்தர் முழுசா ஆற ஒரு வருஷம் கூட ஆகும் பொறுங்கங்கறார்.

இப்படி ஆபரேஷனுக்கு அப்புறம் எதிர்ப்பக்கம் அடைச்சவங்க இருக்கீங்களா, உங்களுக்கு தானா சரியாச்சா இல்ல டர்பினேட்டுக்கு தனியா பண்ண வேண்டியதாச்சா?