தெரு பொங்கல் விழாவுக்கு ஜப்பான் பாட்டு, எடுபடுமா?

வியாசர்பாடி_கோல்கீப்பர்:
எங்கள் தெருவில் பொங்கலுக்கு மேடை போடுவோம். போன வருஷம் குத்துப்பாட்டு வைத்தோம், பாதியிலேயே பெரியம்மாக்கள் மூச்சு வாங்கிச் சேரில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தத் தடவை ஏகேபி48 என்ற ஜப்பான் பெண்கள் பாட்டுக் குழுவின் 'கொய்சுரு ஃபார்ச்சூன் குக்கி'தான் வேண்டும் என்று தங்கை ஒற்றைக் காலில் நிற்கிறாள். 8 வயசுப் பொடிசு முதல் 60 வயசு ஆயா வரை 20 பேர். முடியுமா?

பெரம்பூர்_லோகோ:
தாராளமா. எல்லாரும் ஆடட்டும் என்றே போட்ட பாட்டு அது. 2013 ஆகஸ்டில் வந்தது, பழைய டிஸ்கோ தாளம், அவசரமே கிடையாது. நடனம் அமைத்தவர் பப்பாயா சுசுகி. கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி கையை உருட்டி, இடுப்பை லேசாக ஆட்டினால் முக்கால்வாசி முடிந்தது. வீடியோவையே ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் ஊர்மக்களைக் கூட்டிவைத்து எடுத்தார்கள், அப்புறம் கம்பெனிக்காரர்கள், கடைக்காரர்கள் என்று ஆளாளுக்கு ஆடி யூடியூபில் ஏற்றினார்கள், கனகாவா மாகாண ஆளுநர்கூட விடவில்லை.

காசிமேடு_கானா:
கானா பிறந்த ஏரியாவில் ஜப்பான் பாட்டா? ஒரு வார்த்தை புரியாது. முதல் வாரமே 13 லட்சம் டிஸ்க் விற்றதாம், கூடவே அந்தப் பெண்களை நேரில் பார்த்துக் கைகுலுக்க டிக்கெட் கொடுத்தால் யார்தான் வாங்க மாட்டான்!

பெரம்பூர்_லோகோ:
டிக்கெட் விஷயம் உண்மைதான், ஒரே ஆள் பத்து டிஸ்க் வாங்குவான். ஆனால் தாய்லாந்தில் அவர்களின் தங்கைக் குழுவான பிஎன்கே48 அதையே தாய் மொழியில் பாடி 2017 கடைசியில் வெளியிட்டபோது நாடே ஆடியது, சும்மா விற்றுத் தள்ளிய பாட்டுக்கு அது நடக்காது. அர்த்தமும் நம்ம ஆள் கதைதான்: ஒருத்தனைப் பிடிக்கும், அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், சரி, நாளைக்கு நல்லது நடக்கும் என்று தேற்றிக்கொள்ளும் பெண். ஜப்பான் வீடியோவில் நடுவில் நின்று ஆடியது சஷிஹாரா ரினோ. அழகியாகக் காட்டிக்கொள்ளாமல் தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்ளும் பெண், குழுவில் யார் முன்னால் நிற்பது என்று ரசிகர்களே ஓட்டுப் போடும் தேர்தலில், 2013-ல் 1,50,570 ஓட்டு வாங்கி முதலிடம். பாட்டுக்கு அவளை விட்டால் யார்?

வியாசர்பாடி_கோல்கீப்பர்:
நேற்று மொட்டைமாடியில் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது தடவையே ஆயா கையைச் சரியாக உருட்டிவிட்டது, "கொழுக்கட்டைக்குப் பூரணம் எங்கடி?" என்று கேட்டது. பொடிசுகள்தான் இடமும் வலமும் குழம்புகின்றன. காசிமேடு அண்ணே, கடைசியில் உங்கள் கானா ஒன்று உண்டு, டோலக்கோடு வந்துவிடுங்கள்.