சாலிப்புழா ஜூலைத் திட்டம்: ஜீப்பில் இருப்பவர் குழுவில் சேர்த்தியா?

பவானிக்கரை
துடுப்பன் நேற்று இங்கே எழுதிய திட்டத்தைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஜூலையில் கோவையிலிருந்து கேரளத்தின் கோடஞ்சேரிக்குப் போகிறார்களாம். துஷாரகிரி அருவிக்குக் கீழே சாலிப்புழாவில் இறங்கி, புலிக்கயம் வரை இரண்டு கயாக், அதாவது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகு. மூன்றாவது நண்பர் ஜீப்பில் சாலை வழியாக வருவாராம். "மொத்தம் மூன்று பேர், பாதுகாப்பு விதி நிறைவேறிவிட்டது" என்று முடித்திருக்கிறார். எந்த விதி ஐயா நிறைவேறியது? ஜீப்பில் உட்கார்ந்திருப்பவரை எப்படித் துடுப்பு பிடிப்பவரோடு சேர்த்து எண்ணுகிறீர்கள்?

துடுப்பன்
பதற்றப்படாமல் படியுங்கள். காட்டாற்றுப் படகோட்டிகளின் அமெரிக்கன் ஒயிட்வாட்டர் அமைப்பின் பாதுகாப்பு நெறி, தனியாகப் போக வேண்டாம், குறைந்தது மூன்று பேர் அல்லது இரண்டு படகுகள் வேண்டும் என்றுதான் சொல்கிறது. எங்களிடம் மூன்று பேரும் உண்டு, இரண்டு படகும் உண்டு. ஜீப்பில் வரும் நண்பர் கையில் 20 மீட்டர் த்ரோ பேக், அதாவது மீட்புக் கயிறு அடைத்த பை இருக்கும், வீசவும் தெரியும். அவர் சேர்த்திதான்.

பவானிக்கரை
அந்த வரியில் "அல்லது" என்று இருப்பதால் ஜீப்பைக் கணக்கில் சேர்க்கலாம் என்று யார் சொன்னது? சாலிப்புழா காவிரியைப் போல அகன்ற ஆறு அல்ல. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சேர்ந்து, பாறைகளுக்கிடையே ஒடுங்கிப் பாயும் காட்டாறு. ஒரு வளைவில் கயாக்கின் மூக்கு பாறை இடுக்கில் செருகிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் நீரே ஆளை அமுக்கிவிடும். அப்போது கணக்கு நிமிடங்களில். உங்கள் நண்பர் ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, வழுக்கும் கரையில் இறங்கி, கயிறு வீசும் இடத்தைத் தேடுவதற்குள் என்ன ஆகும்? ஆற்றில் மூன்று பேர் இருந்தால் ஒருவர் சிக்கியவரின் தலையை நீருக்கு மேலே பிடிப்பார், இன்னொருவர் கயிற்றைக் கட்டுவார். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் சிக்கியிருப்பார், ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். ஜீப்பில் இருப்பவர் சேர்த்தி இல்லை.

மலைநீர்
ஆள் கணக்கு இருக்கட்டும். நீங்கள் சொல்லும் பகுதி எந்தக் கிரேடு, அதாவது நீரோட்டம் எவ்வளவு கடினம்? நான்கா, ஐந்தா? அதே ஆறு மழை ஓய்ந்த நாளில் ஒன்று, கொட்டும் நாளில் வேறொன்று. கர்நாடகத்தின் தண்டேலியில் காளி ஆறும் மகாராஷ்டிரத்தின் கோலாடில் குண்டலிகா ஆறும் அணைநீர் திறப்பதை வைத்து ஓடுகின்றன. எத்தனை மணிக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சாலிப்புழாவுக்கு மேலே அப்படி அணை இல்லை. மலையில் பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேற வேண்டும். திட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

துடுப்பன்
மழையைப் பார்த்துத்தான் இறங்குவோம், அதைச் சொல்லவே தேவையில்லை. 2013 முதல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற கயாக் போட்டி விழா நடப்பது அங்கேதான், அதுவும் மழைக்காலத்தில்தான். உலகின் பல நாடுகளிலிருந்து வந்து துடுப்புப் போடுகிறார்கள். நாம் மட்டும் கரையில் நின்று கைதட்ட வேண்டுமா? பேச்சு என் நண்பரைப் பற்றியது. அவர் நீரில் மீட்புப் பயிற்சி பெற்றவர். சேர்த்திதான்.

பவானிக்கரை
அந்த விழாவில் போட்டி நடக்கும் இடத்தில் கரை நெடுக மீட்பாளர்கள் கயிற்றோடு நிற்கிறார்கள். உங்கள் ஒரு ஜீப்பை அதற்கு ஈடாகக் காட்டுகிறீர்களா? மலைநீர் கிரேடு கேட்கிறார், அது பிறகு. முதலில் ஜீப்புக்குப் பதில் வரட்டும்.

செல்வி_வால்பாறை
பவானிக்கரை அண்ணா, போன மழைக்காலத்தில் குடகின் பாரபோளே ஆற்றைப் பற்றிப் பேசியபோதும் இதே பிடிவாதம்தான் பிடித்தீர்கள். ஒன்று சொல்கிறேன். எஸ்கிமோ ரோல், அதாவது கவிழ்ந்த கயாக்கை உள்ளிருந்தபடியே நிமிர்த்துவது, சரியாக வராத மூன்றாவது ஆளை எண்ணிக்கைக்காக ஆற்றில் இறக்கினால், மீட்க வேண்டியவர் ஒருவர் கூடுவார், அவ்வளவுதான். கவிழ்ந்தவர் நிமிர முடியாமல் கயாக்கை விட்டு வெளியே நீந்தினால், அவரையும் படகையும் துடுப்பையும் துரத்திக்கொண்டு மற்ற இருவரும் தாங்கள் பார்க்காத ரேபிட்டுக்குள், அதாவது பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் நீருக்குள் போய் விழுவார்கள். நன்றாகத் தெரிந்த இரண்டு பேரும், அடுத்த வளைவில் முன்கூட்டியே போய் நிற்கும் கரை ஆளும் எவ்வளவோ மேல். ஆனால் அவர் ஜீப்பை விட்டு இறங்கியிருக்க வேண்டும்.

துடுப்பன்
நன்றி செல்வி. இதைத்தான் நானும் சொன்னேன்.

பவானிக்கரை
நீங்கள் சொல்லவில்லை. "ஜீப்பில் சாலை வழியாக வருவார்" என்று எழுதினீர்கள். செல்வி சொல்வது கரையில் நடப்பவர். இரண்டும் ஒன்றா? தம்பி, எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

துடுப்பன்
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயது உங்களுக்குத் தெரியாது. பழைய ஹெல்மெட்டை, உள்ளே பஞ்சு உரிந்துபோனதை மறைத்து எனக்கு விற்றவர் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்!

பவானிக்கரை
படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் வாங்கினீர்கள். அந்தக் கதையை இங்கே இழுப்பது ஜீப் கேள்விக்கு விடை இல்லாததால்தான்.

ஒகேனக்கல்_மாரி
இவ்வளவு நேரம் பொறுத்துப் படித்தேன். பிளாஸ்டிக் படகு, இறக்குமதிச் சட்டை, ஆங்கில விதி! எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பரிசல் ஓட்டுகிறார்கள். ஒரே ஆள், ஒரே துடுப்பு, உள்ளே ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். எங்களிடம் வந்து யாரும் "சேர்த்தியா, இல்லையா" என்று எண்ணவில்லை. நீரோட்டத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு எண்ணிக்கை எதற்கு?

பவானிக்கரை
மாரி அண்ணா, பரிசல்காரர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காவிரியில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுகிறது, கரையில் கட்டி வைக்கிறீர்கள். சாலிப்புழாவில் கயாக் ஓட்டுபவர்கள் தேடிப் போவதே அந்த வெள்ள நாளைத்தான். இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

ஒகேனக்கல்_மாரி
தடை பயணிகளுக்கு. எங்களுக்கு ஆறு தெரியும். காவிரியின் சுழலில் நீங்கள் ஒரு முறை இறங்கிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

மலைநீர்
யாரும் பதில் சொல்லாததால் மீண்டும் கேட்கிறேன். 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் என்றால் வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுக்கும். அதற்குக் கீழே ஆரஞ்சு வந்தால் இறங்குவீர்களா, மாட்டீர்களா? கோடஞ்சேரிக்குப் பக்கத்திலுள்ள கட்டிப்பாறையில் 2018 ஜூனில் மலைச்சரிவு வந்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்த மலைச்சரிவுக்குப் பிறகு சாலியாற்றில் எத்தனை உடல்களை மீட்டார்கள் என்பதை எல்லாரும் பார்த்தோம். சாலிப்புழா நீரும் கடைசியில் போய்ச் சேர்வது அதே சாலியாற்றில்தான். மரங்கள் விழுந்து ஆற்றின் குறுக்கே கிடக்கும். கிளைகளுக்கிடையே நீர் போகும், ஆள் போக முடியாது. போன ஆண்டு திறந்து கிடந்த வழி இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்? இதை ஒருவரும் பேசவில்லை.

துடுப்பன்
ஆரஞ்சு என்றால் அங்கே போய்ப் பார்த்து முடிவெடுப்போம். ஒவ்வொரு ரேபிட்டுக்கும் மேலே உள்ள எடியில், அதாவது பாறைக்குப் பின்னால் நீர் அடங்கிய இடத்தில் ஒதுங்கி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போவோம். பிடிக்காத இடத்தில் படகைத் தோளில் தூக்கி நடப்போம். இவை எல்லாம் அடிப்படை. ஜீப்புக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மூன்று பேர் போகிறோம்.

பவானிக்கரை
இரண்டு பேர் போகிறீர்கள், ஒருவர் வண்டி ஓட்டுகிறார்.

செல்வி_வால்பாறை
அண்ணா, அவர் ஜீப்பை நிறுத்திவிட்டு ஆற்றங்கரையில் நடந்தால் ஏற்றுக்கொள்வீர்களா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.

பவானிக்கரை
எங்கே நிறுத்துவார், எந்தப் பாறையில் நிற்பார், அங்கிருந்து எந்தக் கரைக்குக் கயிறு எட்டும், மறுகரையில் சிக்கினால் எந்தப் பாலம் வழியாக வருவார் என்று எழுதட்டும், பிறகு சொல்கிறேன். 20 மீட்டர் கயிற்றை நனைந்த பிறகு மறுபடி பையில் திணித்து வீசுவதற்குள் ஆள் அடுத்த வளைவைத் தாண்டிவிடுவார். இரண்டாவது வீச்சுக்குச் சுருட்டிய கயிறுதான், அது அவ்வளவு தூரம் போகாது. இதைத் துடுப்பன் கரையில் நின்று செய்து பார்த்திருக்கிறாரா?

துடுப்பன்
செய்திருக்கிறேன். ஹெல்மெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காணொளியும் அனுப்புகிறேன்.

ஒகேனக்கல்_மாரி
எங்கள் பரிசலில் கயிறே கிடையாது.

பவானிக்கரை
மாரி அண்ணா, உங்களிடம் பிறகு வருகிறேன். துடுப்பன், துஷாரகிரியிலிருந்து புலிக்கயம் வரை ஜீப் நிற்கும் இடங்களை வரிசையாக எழுதுங்கள். அது வரும்வரை என் கணக்கில் நீங்கள் இரண்டு பேர்தான்.