பஸ்டர் போசி: 1,500 ஹிட்டோடு முதல் வருஷமே ஹால் ஆஃப் ஃபேம் கிடைக்குமா?

மூணாம்பேஸ் (கேள்வி)

சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) போசி 2021 நவம்பரில் ஓய்வு அறிவித்தபோது வயசு 34தான். அந்த சீசனில் .304 பேட்டிங் சராசரி, 18 ஹோம்ரன். ஜயன்ட்ஸ் 107 ஆட்டம் ஜெயித்த வருஷம் அது. அடுத்த சீசனுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கும் 2.2 கோடி டாலர் ஆப்ஷன் காத்திருந்தும், போதும் என்று முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் 1,371 ஆட்டம், கச்சிதமாக 1,500 ஹிட், 158 ஹோம்ரன், .302 சராசரி. இதைவிடப் பெரிய எண்களோடு வெளியே நிற்பவர்கள் ஏராளம். ஹால் ஆஃப் ஃபேம் வாக்குச் சீட்டில் அவர் பெயர் எப்போது வரும்? 2020இல் ஆடாதது கணக்கை மாற்றுமா? இப்போது ஜயன்ட்ஸ் நிர்வாகத்தில் இருப்பது தடையா? முக்கியமாக, தேர்வாக வேண்டிய 75 சதவீத வாக்கு முதல் தடவையே வருமா?

---

சீட்டுக்கணக்கு

விதியை முதலில் முடித்துவிடுவோம். வீரராக ஆடிய கடைசி சீசனுக்குப் பிறகு ஐந்து சீசன் கழிய வேண்டும். 2022 முதல் 2026 வரை எண்ணினால் ஐந்து. ஆகவே 2026 நவம்பரில் வெளியாகும் சீட்டில், அதாவது '2027 சீட்டு' என்று சொல்வதில், பெயர் வரும். டிசம்பர் முடிவதற்குள் வாக்கு, ஜனவரியில் முடிவு, ஜூலையில் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் விழா. ஓய்வை அறிவித்த தேதியிலிருந்து எண்ணுகிறவர்கள்தான் இதில் குழம்புவார்கள். அந்தத் தேதிக்கு எந்த மதிப்பும் இல்லை.

2020 பாதிக்காது. குறைமாதத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகளைத் தத்தெடுத்திருந்ததால் கோவிட் காலத்தில் அவர் அந்த சீசனிலிருந்து ஒதுங்கினார். தகுதிக்கு வேண்டியது 10 சீசன். அவரிடம் 12 இருக்கிறது, 2009இல் ஆடிய வெறும் 7 ஆட்டமும் ஒரு சீசனாகவே சேரும். நிர்வாகப் பதவியும் தடையில்லை. வீரராக ஆடுவதை நிறுத்தியிருந்தால் போதும், பேஸ்பாலில் வேறு வேலை பார்க்கலாம்.

வாக்களிப்பவர்கள் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் 10 வருஷம் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவர்கள். ஒரு சீட்டில் அதிகபட்சம் 10 பெயர். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பெயர் நீங்கிவிடும், இல்லையென்றால் 10 வருஷம் வரை நிற்கலாம். வெறுஞ்சீட்டு அனுப்பினால் அதுவும் மொத்தத்தில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2021இல் வந்த 401 சீட்டில் 14 வெறுஞ்சீட்டு, தேவைப்பட்டது 301. அந்த வருஷம் ஒருவர்கூடத் தேறவில்லை.

---

பழைய ஸ்கோர்கார்டு

எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தர்மன் மன்சனை எடுத்துக்கொள்ளுங்கள். யாங்கீஸ் கேட்சர், 1970இல் சிறந்த புதுமுகம், 1976இல் எம்விபி (லீகின் மிகச் சிறந்த வீரர்), 1977லும் 1978லும் வேர்ல்டு சீரீஸ் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) வெற்றி, 7 முறை ஆல்ஸ்டார் (நட்சத்திர வீரர்கள் ஆட்டத்துக்குத் தேர்வு). 1,423 ஆட்டம், 1,558 ஹிட், .292. 1979இல் விமான விபத்தில் இறந்தார். அந்தக் கால வரம்பான 15 வருஷமும் சீட்டில் இருந்தும், முதல் வருஷம் வாங்கிய 15.5 சதவீதத்தை ஒருபோதும் தாண்டவில்லை.

இப்போது போசி: 2010இல் சிறந்த புதுமுகம், 2012இல் எம்விபி, மூன்று வேர்ல்டு சீரீஸ், 7 ஆல்ஸ்டார், 1,500 ஹிட். பெயரை மறைத்துவிட்டால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒருவருக்குக் கதவைச் சாத்திவிட்டு இன்னொருவருக்குத் திறந்தால் என்ன நியாயம்? பிளேஆஃபிலும் அவர் பேட் பெரிதாகப் பேசவில்லை. 2012இல் சின்சினாட்டியில் மேட் லேட்டோஸ் பந்தில் அடித்த கிராண்ட்ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம்ரன்)தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2014 பிளேஆஃப் முழுக்க ஒரு ஹோம்ரன்கூட இல்லை.

---

முகமூடி

மன்சனுக்கு அநியாயம் நடந்தது உண்மை. அதே அநியாயத்தைப் போசிக்கும் செய்வதுதான் நியாயம் என்றால் அது சரியில்லை, சார். மன்சன் காலத்து வாக்காளர் கையில் சராசரி, ஹிட், ஹோம்ரன் என்ற மூன்று எண்தான் இருந்தது. கேட்சரை எடைபோட அது போதவே போதாது.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் 'வார்' கணக்கில் (சாதாரண மாற்று வீரரைவிட அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்ற மதிப்பீடு) போசிக்குச் சுமார் 45. உள்ளே இருக்கும் கேட்சர்களின் சராசரி 53ஐ ஒட்டி வரும், இதில் அவர் பின்தங்குகிறார். ஆனால் சிறந்த ஏழு சீசனை மட்டும் கூட்டினால் அவருக்கு 36க்கு மேல், மற்றவர்களின் சராசரி 35 வாக்கில். உச்சம் போதுமான உயரம், நீளம்தான் குறைவு.

அந்த 45இல் ஃப்ரேமிங், அதாவது விளிம்பில் வரும் பந்தை ஸ்ட்ரைக்காகத் தெரியும்படி பிடிக்கும் திறமை, சேரவே இல்லை. ஃபேன்கிராஃப்ஸ் என்ற இன்னொரு தளம் அதைச் சேர்க்கிறது, அங்கே போசி 57ஐ ஒட்டி நிற்கிறார். ஒரே ஆள், ஒரே ஆட்டங்கள், நடுவில் 12 வித்தியாசம்!

ஃப்ரேமிங் என்றால் அம்பயரை ஏமாற்றுவது என்று நினைக்க வேண்டாம். முழங்காலுக்கு ஒரு விரல் கீழே பந்து வருகிறது. கையுறையை மேலிருந்து இறக்கிப் பிடித்தால் பந்தின் வேகம் அதை இன்னும் கீழே தள்ளும், அம்பயர் கண்ணுக்கு அது 'பால்' (அடிப்பவருக்குச் சாதகம்). கையுறையை முன்பே தரையோடு ஒட்டி வைத்து, கீழிருந்து மேலே வந்து பிடித்து, மணிக்கட்டை அசையாமல் நிறுத்தினால் அதே பந்து 'ஸ்ட்ரைக்' (வீசுபவருக்குச் சாதகம்). ஒரு ஆட்டத்தில் இப்படி இரண்டு மூன்று கிடைத்தாலே, சீசன் முடிவில் எதிரணியின் ஓட்டக்கணக்கில் தெரியும். போசி இதில் முதல் வரிசை. (2026இலிருந்து இயந்திரத்திடம் முறையிடும் வசதி வந்துவிட்டது. இனி வரும் கேட்சர்களுக்கு இந்த மதிப்பு இதே அளவில் இருக்காது.)

பேட்டிங்கிலும் குறை சொல்ல முடியாது. 2012இல் .336 அடித்து நேஷனல் லீக் பேட்டிங் பட்டம், 1942இல் எர்னி லாம்பார்டிக்குப் பிறகு ஒரு கேட்சருக்கு அந்த லீகில் அதுதான் முதல் தடவை. .346இல் இருந்த சக ஜயன்ட்ஸ் வீரர் மெல்கி கப்ரேரா, ஊக்கமருந்துத் தடைக்குப் பிறகு தன்னைப் பட்டக்கணக்கிலிருந்து நீக்கச் சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது அதைப் பிடித்துக்கொள்வீர்கள்.

---

மூணாம்பேஸ்

2011 காயம் வாக்கில் எப்படி எடுபடும்? கிட்டத்தட்ட ஒரு சீசனே போய்விட்டதே.

---

முகமூடி

மே 25, 12வது இன்னிங்ஸ். வலது ஃபீல்டுக்கு ஆழமில்லாத ஒரு பந்து, மார்லின்ஸின் ஸ்காட் கசின்ஸ் மூன்றாம் பேஸிலிருந்து ஓடி வந்து ஹோம் பிளேட்டில் மோதினார். போசியின் கையில் பந்து நிற்கவில்லை. கணுக்கால் மடங்கிய நிலையில் உடம்பு பின்னால் சாய்ந்ததில் காலெலும்பு முறிந்தது, தசைநார்களும் கிழிந்தன. 2014இல் வந்த விதிப்படி கையில் பந்தில்லாத கேட்சர் பாதையை மறிக்கக் கூடாது, ஓடுகிறவரும் மோதுவதற்காகப் பாதையை விட்டு விலகக் கூடாது. ஊரே அதைப் 'போசி விதி' என்கிறது. அந்த சீசன் போனது எண்களில் பள்ளம்தான். ஆனால் மறுவருஷமே எம்விபி வாங்கியதால் வாக்காளர்கள் அதைக் கருணையோடுதான் பார்ப்பார்கள்.

---

சீட்டுக்கணக்கு

'பழைய ஸ்கோர்கார்டு' கேட்டதற்கு இரண்டு பெயர் போதும். ஜோ மவுர் கேட்சராக ஆடியது 921 ஆட்டம்தான், தலைக்காயத்துக்குப் பிறகு முதல் பேஸுக்குப் போய்விட்டார். அப்படியும் 2024இல் முதல் தடவையே தேறினார். 385 சீட்டில் 293, வேண்டியது 289. அடுத்தவர் ஆண்ட்ரூ ஜோன்ஸ். 2,000 ஹிட்டுக்குக் கீழே இருந்தால் இந்தக் காலத்து வீரர்களை எழுத்தாளர்கள் ஏற்கமாட்டார்கள் என்றிருந்த எழுதாத சட்டத்தை 1,933 ஹிட்டோடு 2026இல் உடைத்தார். அதற்கு அவருக்கு ஒன்பது வருஷம் பிடித்தது, ஆரம்பம் 7.3 சதவீதம்.

மவுருக்கு 2,123 ஹிட், மூன்று பேட்டிங் பட்டம். போசிக்கு அவ்வளவு இல்லை, பதிலுக்கு மூன்று வேர்ல்டு சீரீஸ் இருக்கிறது. மவுரே நாலு வாக்கில்தான் தப்பினார் என்பதால், போசி 'நிச்சயம்' என்று நான் சொல்லமாட்டேன். உள்ளே போவார், முதல் தடவையே என்றால் என் கணிப்பு 78 முதல் 85.

சாதகம் ஒன்று உண்டு. 2027இல் புதிதாக வருபவர்களில் போசியைத் தவிர கனமான பெயர் பந்து வீச்சாளர் ஜான் லெஸ்டர், 200 வெற்றி. ஆல்பர்ட் புஹோல்ஸ், யாடியர் மொலினா எல்லாம் 2028இல்தான். பத்து இடம் நிரம்பி போசி வெளியே தள்ளப்படும் நிலை வராது.

டிசம்பரில் எழுத்தாளர்கள் வெளியிடும் சீட்டுகளை ரசிகர்கள் கூட்டிப்போடும் பட்டியலைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. சீட்டைக் காட்டாதவர்கள் பெரும்பாலும் கஞ்சர்கள், கடைசியில் சதவீதம் சில புள்ளி இறங்கும். அங்கே 77 காட்டினால் பட்டாசை எடுக்காதீர்கள், 84க்கு மேல் நின்றால் எடுக்கலாம்.

---

பழைய ஸ்கோர்கார்டு

மவுர் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். 921 கேட்சர் ஆட்டம் போதும் என்றால் போசியைத் தடுக்க வழியில்லை. ஆனால் அடுத்த தடவை, எழுத்தாளர்கள் தேர்ந்தெடுக்காமல் விட்ட பழைய வீரர்களுக்கான குழு கூடும்போது மன்சன் பெயரைச் சீட்டில் போடச் சொல்லி நான் நச்சரிப்பேன், அப்போது இதே ஃப்ரேமிங் பேச்சை யாரும் மாற்றக் கூடாது.